ஆண்டவர் குரலும் என் ஸ்டெபிலைசரும்

வோல்டேஜ் குறைந்தால் சேசுநாதரின் குரல் தடிக்கும் என்று ஒரு நாள் முழுக்க நான் மனதார நம்பினேன். நம்பியதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. கன்றுக்குட்டி கனத்தில் ஒரு ஸ்டெபிலைசரை ஸ்கூட்டரின் முன்னால் கால் வைக்கிற இடத்தில் ஏற்றி, இரண்டு காலையும் இறக்கை மாதிரி வெளியே விரித்துக்கொண்டு, திண்டுக்கல்லிலிருந்து காந்திகிராமம் தாண்டி உள்ளே ஒரு கிராமம் வரைக்கும் போனேன். வழியில் டீக்கடையில் நின்ற ஒருத்தர் எனக்குக் கும்பிடு போட்டார். ஏன் போட்டார் என்று இன்றுவரை தெரியாது.

தம்பிகளா, நீங்கள் எல்லாரும் உங்கள் கையாலேயே கம்ப்யூட்டரைக் கூட்டிச் சேர்த்து, யாரோ கழித்துப்போட்ட பழைய ஆடியோ பெட்டிகளை வாங்கி அதில் மாட்டி, பாட்டும் வசனமும் பதிவு செய்கிற ஆட்கள். என் காதுக்கு மெல்லிய கீச்சுச் சத்தமெல்லாம் கேட்பது நின்றுபோனதும் ஸ்டுடியோவை மச்சினனிடம் ஒப்படைத்துவிட்டு ஒதுங்கிவிட்டேன். அனுபவத்தை எழுதுங்கள் என்கிறீர்கள். எந்த ஓட்டையில் எந்த வயரைச் செருகுவது என்பதை நான் எழுத மாட்டேன், அதெல்லாம் இணையத்தில் கொட்டிக் கிடக்கிறது. நான் பயந்துபோய் என்னென்ன செய்தேன் என்பது எங்கேயும் கிடைக்காது. அதைத்தான் எழுதுகிறேன்.

முதலில், அந்த வோல்டேஜ் நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் என்னை முழு முட்டாள் என்று நினைத்துவிடுவீர்கள். பாதிதான். நான் தொழிலுக்கு வந்தது கேசட் காலத்தில். திண்டுக்கல்லில் ஒரு கடையில் கேசட்டுக்குப் பாட்டு ஏற்றிக் கொடுப்பதுதான் வேலை. பொழுது சாய்ந்து ஊரே விளக்கைப் போட்டதும் கரண்ட் இறங்கும். டேப்பைச் சுற்றுகிற மோட்டார் சோர்ந்துபோகும். பாடகியின் குரல் மெல்ல மெல்லத் தடித்து, அவருடைய மாமனார் குரல் மாதிரி ஆகிவிடும். கடை முதலாளி உள்ளேயிருந்தே, "ஸ்டெபிலைசரைப் போடுடா" என்று கத்துவார். போட்டால் மாமனார் மறுபடி பாடகி ஆவார். குரல் தடித்தால் வோல்டேஜ். இது என் மூளையில் பச்சை குத்தின மாதிரி பதிந்துவிட்டது. கம்ப்யூட்டர் வந்தது, கேசட் போனது, மோட்டார் போனது. பச்சை மட்டும் போகவில்லை.

இனி பெட்டி கதை. அந்த வருஷம் நான் ஒரு புது ரெக்கார்டிங் கம்ப்யூட்டரை ஆசை ஆசையாகச் சேர்த்திருந்தேன். சத்தமே போடாத காற்றாடி, பெரிய நினைவகம், எல்லாம் புதுசு. ஆனால் அதில் நான் மாட்ட நினைத்தது ஒரு கிழட்டுப் பெட்டி. எட்டு மைக்கை ஒரே நேரத்தில் வாங்கி, ஃபயர்வயர் என்கிற பழங்கால வயர் வழியாகக் கம்ப்யூட்டருக்கு அனுப்பக்கூடிய பெட்டி. சென்னையில் மூடிப்போன ஒரு டப்பிங் கூடத்திலிருந்து என் கைக்கு வந்தது. அதன் வழியாகப் பேசினால் குரலில் ஒரு நெய்வாசம் இருக்கும். புதுக் கம்ப்யூட்டரில் அந்த வயரைச் செருக வாயே கிடையாது. அதற்கென்று தனியாக ஒரு கார்டு வாங்கிப் போட்டேன். பெட்டி அந்தக் கார்டை மதிக்கவில்லை. வேறு சில்லு உள்ள கார்டு போட்டேன், மதித்தது. பெட்டியைக் கம்ப்யூட்டருக்கு அறிமுகப்படுத்தி வைக்கிற டிரைவர் என்கிற மென்பொருளோ, பெட்டியைவிடக் கிழடு. அதைப் புது சிஸ்டத்துக்குள் உட்கார வைக்க நான் பட்ட பாட்டை விடுங்கள். கடைசியில் பெட்டியின் முகத்தில் நீல விளக்கு எரிந்தது. ஒரு வாரம் நான் பார்த்தவனிடமெல்லாம் அந்த விளக்கைப் பற்றியே பேசினேன். என் மனைவி, "அந்த விளக்கு எரியுறதைச் சொல்றீகளே, பின்வாசல் விளக்கு எரியாததை எப்பப் பாப்பீக?" என்று கேட்டாள்.

அந்தப் பெட்டிக்குக் கிடைத்த முதல் வேலைதான் பாஸ்கா.

நான் சொன்ன அந்தக் கிராமத்தில் பெரிய வெள்ளிக்கிழமை மத்தியானம் கோயில் மைதானத்தில் சேசுநாதரின் பாடுகளை நாடகமாகப் போடுவார்கள். அதுதான் பாஸ்கா. வசனம் முழுவதையும் முன்னாலேயே பதிவு செய்துவிடுவார்கள். அன்றைக்கு ஒலிபெருக்கியில் குரல் வரும், மேடையில் வாய் அசையும். இதற்கு ஒரு காரணம் உண்டு. சேசு வேஷம் போடுகிறவர் அந்த வெள்ளிக்கு முந்தின குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் வாயை மூடினால், பெரிய வெள்ளியன்று சிலுவையிலிருந்து இறக்கிய பிறகுதான் திறப்பார். இடையில் ஒரு வார்த்தை கிடையாது. அது அந்த ஊர்ப் பழக்கம்.

சேசு வேஷக்காரர் பெயர் ஆரோக்கியம். மல்லிகைத் தோட்டக்காரர். மொட்டு உதிர்ந்துவிடுமோ என்கிற மாதிரி மெல்லிசாகப் பேசுவார். அந்தக் குரலுக்காகத்தான் ஊர் அவரைத் தேர்ந்தெடுத்தது. மௌன வாரத்தில் பூ வியாபாரத்தை அவர் மனைவி ரோஸி பேசுவார், இவர் பக்கத்தில் நின்று தலையை ஆட்டுவார். அந்த வருஷம் மௌனத்துக்கு இன்னொரு கனமும் சேர்ந்திருந்தது. கல்யாணமாகி நெடுநாள் கழித்து அப்போதுதான் ரோஸி முழுகாமல் இருந்தார். முன்னால் இரண்டு தடவை தங்கவில்லை. இந்தத் தடவை ஆரோக்கியம் ஊர்ப் பழக்கத்துக்காக மட்டும் வாயை மூடவில்லை, பிள்ளைக்காகவும் நேர்ந்துகொண்டு மூடினார்.

நாடகத்தை நடத்துகிறவர் சவரிமுத்து வாத்தியார். பள்ளிக்கூடத்தில் ஓய்வு பெற்றும் குரலில் பிரம்பு ஓயாதவர். குருத்து ஞாயிறுக்கு முந்தின வாரம் எல்லாரையும் வேனில் அள்ளிக்கொண்டு என் ஸ்டுடியோவுக்கு வந்தார். நான், "ஒவ்வொருத்தரா வந்து பேசட்டும் சார்" என்றேன்.

"அது நடக்காது அப்பு. பேதுரு சேசுவைத் தெரியாதுன்னு மறுதலிக்கணும்னா வேலைக்காரி எதுக்க நின்னு கேக்கணும். சும்மா சுவத்தைப் பாத்து எவன் மறுதலிப்பான்?"

ஆகவே எட்டு மைக்கை வட்டமாக நட்டு, எல்லாரையும் சுற்றி நிறுத்திப் பதிவு செய்தேன். மாதாவாகப் பேசிய ஸ்டெல்லா டீச்சர் உண்மையாகவே அழுதார். யூதாசாகப் பேசியவர் முத்தம் கொடுக்கிற காட்சிக்கு நிஜமாகவே நடந்துபோய் ஒரு மைக்கை இடித்துத் தள்ளினார். போட்டுக் கேட்டோம். ஒவ்வொரு குரலும் அச்சு அசல். ஆரோக்கியத்தின் குரலில் அந்த நெய்வாசம் வந்திருந்தது. நான் நீல விளக்கைத் தட்டிக்கொடுத்தேன். வெட்டி ஒட்டி, ஞாயிற்றுக்கிழமை பென் டிரைவைக் கையில் கொடுத்தேன். அன்று பூசை முடிந்தது. ஆரோக்கியம் வாயை மூடினார்.

புதன்கிழமை மத்தியானம் வாத்தியார் போன் செய்தார். மைதானத்தில் ஒலிபெருக்கி கட்டி முதல் ஒத்திகை.

"அப்பு, என்னத்தப்பு ஏத்திக் குடுத்துருக்க? சேசுநாதர் பேசுனா எமதர்மன் பேசுற மாதிரி இருக்கு. மாதா குரல்ல மீசை முளைச்சிருக்கு. யூதாசுப் பய மட்டும் இந்தக் குரலே நல்லாருக்கு, இருக்கட்டும்ங்கிறான்."

நான் ஒரு நொடிகூட யோசிக்கவில்லை. தெரிந்தவன் யோசிப்பானா? "உங்க ஊருல வோல்டேஜ் எப்படி சார்?" என்று கேட்டேன்.

"வோல்டேஜா?"

"அதேதான். நீங்க ஒண்ணும் பண்ணாதீங்க. நான் வாரேன்."

அப்படித்தான் ஸ்டெபிலைசரும் நானும் கிளம்பினோம்.

மைதானத்தில் மைக் செட் போட்டிருந்தவன் பாண்டி. சுற்றுவட்டாரத்தில் காதுகுத்திலிருந்து கருமாதி வரைக்கும் அவன் குழாய்தான் கத்தும். ஸ்டெபிலைசரை இறக்கக் கை கொடுத்தான். எதற்கு என்று கேட்டான். சொன்னேன்.

"அண்ணே, நேத்து இதே செட்டுல பக்கத்தூரு மாரியம்மன் கோயிலுக்குப் பாட்டுப் போட்டேன். பொம்பளை குரலு பொம்பளை குரலாத்தான் இருந்துச்சு."

"நேத்து கரண்ட் வேற, இன்னைக்குக் கரண்ட் வேற."

"சரிண்ணே" என்றான். அந்தச் 'சரிண்ணே'யில் மரியாதை எவ்வளவு, மிச்சம் எவ்வளவு என்று எனக்குத் தெரிந்தது.

ஸ்டெபிலைசரை இணைத்துப் போட்டோம். எமதர்மன்தான் பேசினார். நல்ல வோல்டேஜில், தெளிவாகப் பேசினார்.

ஆரோக்கியம் மேடையில் இருந்தார். குரல் வந்ததும் பழக்கத்தில் வாயை அசைத்தார். பிறகு நிறுத்தினார். ஒலிபெருக்கியைப் பார்த்தார். அவர் கை தானாகத் தொண்டைக்குப் போனது. அந்த மனுஷன் தன் குரலுக்கு என்ன ஆனது என்று வாய் திறந்து கேட்கக்கூட முடியாமல் என்னைப் பார்த்தார்.

இந்த இடத்தில் ஒன்று சொல்ல வேண்டும். உண்மை அப்போதே என் காதில் வந்து உட்கார்ந்திருந்தது. வோல்டேஜ் குறைந்து டேப் தடுமாறினால் குரல் ஆடும், வழுக்கும், ஏறி இறங்கும். இது ஆடவே இல்லை. முதல் வசனத்திலிருந்து கடைசி வரை ஒரே அளவில், உறுதியாக, நிதானமாகத் தடித்திருந்தது. கேசட் காலத்தில் நான் கற்ற பாடமே, 'இது வோல்டேஜ் இல்லை' என்று எனக்குச் சொல்லிக்கொண்டிருந்தது. பாடத்தில் பாதியை வைத்துக்கொண்டு மீதியை மறந்துவிட்டேன். பயந்தவன் காது தனக்கு வேண்டியதைத்தான் கேட்கும்.

அதற்குப் பிறகு நான் செய்தவை வரிசையாக ஒரு கிறுக்கனின் நடமாட்டம். பென் டிரைவ் வெயிலில் கெட்டுவிட்டது என்றேன். பிடுங்கிக்கொண்டு ஸ்டுடியோவுக்குப் பறந்தேன். கம்ப்யூட்டரில் செருகிக் கேட்டேன். மொட்டு உதிராத குரல், அச்சு அசல். வேறு பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு திரும்பவும் கிராமம். எமதர்மன். வாத்தியாரின் போனுக்கு அனுப்பிப் பார்த்தேன். அதிலும் எமதர்மன். "அது வாட்ஸ்அப் நசுக்கிடும் சார்" என்று போன் மேல் பழி போட்டேன். மறுபடி ஸ்டுடியோ. அங்கே சுத்தமான ஆரோக்கியம். திண்டுக்கல்லில் சேசு, காந்திகிராமம் தாண்டினால் எமன். வழியில் எந்த இடத்தில் குரல் உடைகிறது என்று பார்க்க, நடுவில் ஒரு புளியமரத்தடியில் வண்டியை நிறுத்திக் கேட்டுப் பார்க்கலாமா என்று யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன்.

ஸ்டுடியோவிலேயே குரலை ஏற்றிக் கொடுத்தால் என்ன என்று முயன்றேன். ஏற்றினேன். அங்கே சரியாக இருந்த ஆரோக்கியம் எலிக்குஞ்சு மாதிரிக் கீச்சிட்டார். இறக்கிவிட்டேன். நோய் ஒரு ஊரில், வைத்தியன் ஒரு ஊரில்.

பொழுது சாயும் நேரம் மைதானத்தில் வாத்தியார் முடிவுக்கு வந்தார். "பெட்டி கெட்டுப்போச்சு, பதிவும் கெட்டுப்போச்சு. நாளைக்குக் காலையில எல்லாரையும் வேன்ல ஏத்திக் கூட்டியாரேன். திரும்பப் பதிவு பண்ணிருவோம்."

"சார், ஆரோக்கியம்?"

பாண்டி, "அண்ணன் குரல்ல வேணா எடுத்துப் பாப்போமே" என்று என்னைக் காட்டினான். வாத்தியார் வேறு வழியில்லாமல் தலையாட்டினார். நான் மைக்கில் ஒரு வசனம் பேசினேன். சிலுவையில் தொங்குகிற ஆளின் வசனம்.

பாண்டி தாடையைத் தடவினான். "அண்ணே, இம்புட்டு வலியில இருக்கிறவரு வசூலுக்கு வந்த மாதிரி பேசுறாரேண்ணே."

அதுவும் முடிந்தது. வாத்தியார் ஆரோக்கியத்தின் தோளில் கை வைத்தார். "எய்யா, ஊரு காரியம். சாமியாருகிட்ட நான் சொல்லிக்கிறேன். ஆண்டவர் தப்பா எடுத்துக்க மாட்டாரு. நாளைக்கு ஒரு மணி நேரம் பேசிக் குடுத்துரு. என்ன சொல்ற?"

ஆரோக்கியம் எதையும் சொல்ல முடியாது என்பதையே வாத்தியார் மறந்துவிட்டார். ஆரோக்கியம் கொஞ்ச நேரம் தரையைப் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். சரி என்று.

நான் வண்டியை எடுக்கப் போனபோது ரோஸி வேலியோரமாக நின்றிருந்தார். ஒரு கை வயிற்றில் இருந்தது.

"அண்ணே, அவரு பேசியே ஆகணுமாண்ணே?"

"பெட்டி கெட்டுப்போச்சும்மா."

"கெட்டுப்போச்சுன்னு தெரியுமாண்ணே, இல்ல தோணுதா?"

அவர் கோபமாகக் கேட்கவில்லை. மழை வருமா என்று கேட்கிற மாதிரிக் கேட்டார். நான் வண்டியைக் கிளப்பினேன். ஸ்டெபிலைசரை எடுக்க மறந்துவிட்டேன்.

பெரிய வியாழன் காலை. மற்றவர்கள் வேனில் வரும் முன்பே வாத்தியாரும் ஆரோக்கியமும் முதல் பஸ்ஸில் வந்துவிட்டார்கள். கூட்டத்தின் நடுவே மௌனத்தை முறிக்க வேண்டாம், தனியாக முதலில் பேசிக் கொடுத்துவிடட்டும் என்று வாத்தியார் நினைத்திருந்தார். ஆரோக்கியம் பதிவு அறைக்குள் போய் மைக் முன்னால் நின்றார். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நானும் வாத்தியாரும். "ரெடிங்க" என்று சொல்லிப் பதிவை ஓட்டிவிட்டேன்.

அவர் பேசவில்லை. கண்ணை மூடி, கையைக் கோர்த்து நின்றார். உதடு மட்டும் அசைந்தது. மன்னிப்புக் கேட்கிறார் என்று புரிந்தது. ஆண்டவரிடமா, பிறக்காத பிள்ளையிடமா தெரியாது. என்னால் அந்த முகத்தைப் பார்க்க முடியவில்லை. வேறெங்கே பார்ப்பது என்று தெரியாமல் சுவரில் மாட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தேன். நொடிமுள் மேலேயிருந்து கிளம்பி இறங்கிக்கொண்டிருந்தது. வாத்தியார் தொண்டையைக் கனைத்தார். நான் கையமர்த்தினேன். "செத்த நேரம் விடுங்க சார்."

நொடிமுள் கீழே போய், ஏறி, மறுபடி உச்சிக்கு வந்தது. ஒரு நிமிஷம். பார்வையைத் திருப்பினேன். கம்ப்யூட்டர் திரையில், பதிவு எவ்வளவு நேரம் ஓடியிருக்கிறது என்று காட்டுகிற எண் ஒரு நிமிஷத்தைத் தாண்டி ஐந்து நொடி போய்க்கொண்டிருந்தது.

கவனக்குறைவாகப் பார்த்திருப்பேன் என்று நினைத்தேன். மறுபடி கடிகாரத்தைப் பார்த்தேன். மறுபடி திரை. சுவரில் நொடி நடந்தது. திரையில் நொடி ஓடியது. இரண்டும் ஒரே அறையில், ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத மாதிரி.

இத்தனை நாள் இதை நான் ஏன் பார்க்கவில்லை என்றால், இத்தனை நாளும் யாராவது பேசிக்கொண்டே இருந்தார்கள். குரல் இருந்தால் நாம் குரலைத்தான் கவனிப்போம். அன்றைக்குக் கேட்க ஒன்றுமே இல்லை.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஆரோக்கியம் கண்ணைத் திறந்தார். மூச்சை இழுத்தார். உதடு பிரிந்தது. நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு, கதவைத் திறந்து, ஒரு மைக் ஸ்டாண்டைத் தாண்டிப் பாய்ந்து, அவர் வாயைப் பொத்தினேன். சேசுநாதரின் வாயைப் பொத்திய ஆள் திண்டுக்கல் வட்டாரத்தில் நான் ஒருத்தன்தான் இருப்பேன். அவர் கண் இரண்டும் என் கைக்கு மேலே உருண்டை உருண்டையாகத் தெரிந்தது.

"பேசாதீங்க. பேசவே பேசாதீங்க. கெடலை, ஒண்ணுமே கெடலை."

பின்னாலேயே ஓடி வந்த வாத்தியார், "கிறுக்குப் பிடிச்சிருச்சாலே உனக்கு?" என்றார். 'அப்பு' போய் 'லே' வந்துவிட்டது.

நடந்தது இதுதான். நம்ம ஊர் பூ மார்க்கெட்டை வைத்தே சொல்கிறேன். பூவை முழம் போட்டு விற்கிறார்கள். கட்டையான கைக்காரர் அளந்தால் ஒரு சரத்தில் அதிக முழம் வரும், நீளக் கைக்காரர் அளந்தால் குறைவாக வரும். சரம் ஒன்றுதான். என் கிழட்டுப் பெட்டி சத்தத்தைக் கட்டைக் கையால் அளந்துகொண்டிருந்தது. நொடிக்கு நாற்பத்தெட்டாயிரம் தரம். அது சினிமா டப்பிங் கணக்கு. தன் பழைய வீட்டில் பழகின கணக்கு. நான் கம்ப்யூட்டரில் பாட்டுக்கான கணக்கை வைத்திருந்தேன், நொடிக்கு நாற்பத்து நாலாயிரத்து நூறு. அது நீளக் கை. நடுவில் இருந்த கிழட்டு டிரைவர், "மாத்திட்டியா?" என்று கம்ப்யூட்டர் கேட்டதற்கு, "ஆச்சு, ஆச்சு" என்று தலையாட்டிவிட்டு மாற்றாமலேயே இருந்திருக்கிறது. கல்யாண வீட்டில் வேலை சொன்னால் தலையாட்டுகிற தாய்மாமன் மாதிரி.

ஸ்டுடியோவில் அளந்ததும் அதே கை, திருப்பிப் போட்டதும் அதே கை, அதனால் சரம் சரியாக இருந்தது. வெளியே உலகம் முழுக்க நீளக் கை. அதே எண்ணிக்கை முழத்தை அவர்கள் அளந்து கொடுக்கும்போது சரம் நீண்டது. குரல் இழுபட்டது. இழுபட்ட குரல் தடித்தது. எல்லாருக்கும் ஒரே அளவில், ஆடாமல்.

திருத்த எவ்வளவு நேரம் ஆனது என்று சொன்னால் சிரிப்பீர்கள். 'இந்தப் பதிவெல்லாம் கட்டைக் கைக் கணக்கு' என்று கம்ப்யூட்டருக்கு ஒரு இடத்தில் சொன்னேன், அவ்வளவுதான். வாத்தியார் வாங்கிவரச் சொன்ன டீ வரும் முன்னால் முடிந்துவிட்டது. இந்தத் தடவை என் கம்ப்யூட்டரில் போட்டுக் கேட்கவில்லை. நேராக வாத்தியாரின் போனில் ஏற்றி ஆரோக்கியத்தின் காதில் வைத்தேன். அவர் தன் குரலைக் கேட்டார். மொட்டு உதிராத குரல். போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு அப்படியே நின்றார். பிறகு அதை என் கையில் கொடுத்துவிட்டு, தன் வாயை ஒரு விரலால் தொட்டுக் காட்டி, அந்த விரலை மேலே தூக்கினார். அவ்வளவுதான் சொன்னார்.

இப்போது உங்களுக்குச் சொல்ல வேண்டியது. பழைய பெட்டி புதுக் கம்ப்யூட்டரில் விளக்கு எரிந்தால், அது ஒத்துக்கொண்டது என்று அர்த்தமில்லை, விழித்துக்கொண்டது என்று மட்டுமே அர்த்தம். முதலில் ஒரு நிமிஷம் சும்மா ஓட்டி, சுவர்க் கடிகாரத்தையும் திரையையும் பாருங்கள். எந்தப் பதிவையும் அதைச் செய்த பெட்டியிலேயே கேட்டுத் தீர்ப்பு எழுதாதீர்கள். கைபோன், கார், பக்கத்து வீட்டு டிவி, எதிலாவது கேளுங்கள். இதெல்லாம் சின்னது.

பெரியது ஒன்று இருக்கிறது. அன்று ஆரோக்கியம் பேசியிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று கணக்குப் போடுங்கள். அதே பெட்டி, அதே டிரைவர், அதே கட்டைக் கை. புதுப் பதிவும் மைதானத்தில் எமதர்மனாகத்தான் வந்திருக்கும். அவர் நேர்த்திக்கடனும் போயிருக்கும், குரலும் கிடைத்திருக்காது. நான் மறுபடி ஸ்டெபிலைசரைத் தேடியிருப்பேன். நோய் தெரியாமல், 'திரும்ப எடுத்துடலாம்' என்று சொல்வது எவ்வளவு சுலபமாக நம் வாயில் வருகிறது. நமக்கு அது ஒரு பொத்தான். எதிரே நிற்கிறவருக்கு அது என்னவென்று நமக்குத் தெரியாது. ரோஸி கேட்டாரே, தெரியுமா, தோணுதா என்று. இருபது முப்பது வருஷம் தொழில் செய்த என்னிடம் யாரும் அப்படிக் கேட்டதில்லை. அதன் பிறகு எந்த வாடிக்கையாளரிடமும் 'கெட்டுப்போச்சு' என்று சொல்லும் முன் அந்தக் கேள்வியை நானே எனக்குப் போட்டுக்கொண்டேன். பாதி நேரம் பதில், 'தோணுது' என்றுதான் வரும். வந்தால் வாயை மூடிக்கொண்டு இன்னும் கொஞ்சம் பார்ப்பேன்.

வேனில் வந்து இறங்கிய மற்றவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்துத் திருப்பி அனுப்பினோம். யூதாசு மட்டும் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அண்ணே, என் குரலை மட்டும் அப்படியே விட்டுருங்களேன்" என்றார். முடியாது என்றேன்.

வெள்ளிக்கிழமை மத்தியானம் மைதானம் நிறைந்திருந்தது. நான் பாண்டியின் பக்கத்தில், ஆம்ப்ளிஃபயரின் மேல் கை வைத்தபடி நின்றேன். எதற்கு என்று தெரியாது, வைத்தால் தைரியமாக இருந்தது. முதல் வசனம் வந்தது. ஆரோக்கியம் வாயசைத்தார். குரல் அவர் வாயில் போய்ப் பொருந்தியது. பாண்டி என்னைத் திரும்பிப் பார்த்து, "வோல்டேஜ் பரவால்லண்ணே" என்றான்.

பொழுது இறங்கும்போது சிலுவையிலிருந்து அவரை இறக்கினார்கள். மேடைக்குப் பின்னால் குழாயடியில் சிவப்புச் சாயத்தைக் கழுவினார். மௌனம் முடிந்தவர் முதலில் என்ன பேசுவார் என்று பார்க்க ஒரு சின்னக் கூட்டம் எப்போதும் நிற்குமாம். நின்றது. ரோஸி துண்டை நீட்டினார். ஆரோக்கியம் முகத்தைத் துடைத்துக்கொண்டு அவரிடம் முதலில் ஏதோ சொன்னார். எங்களுக்குக் கேட்கவில்லை, கேட்க வேண்டியதும் இல்லை. ரோஸி சிரித்தார்.

பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அண்ணே, உங்க ஸ்டெபிலைசர் எங்க கோழிக்கூட்டு மேல கிடக்கு. போறப்ப எடுத்துட்டுப் போயிருங்க."

"அதாச்சும் வேலை செஞ்சுச்சா?" என்று கேட்டேன்.

"பாண்டி மீட்டர் வச்சுப் பாத்தான், அதுக்கு வேலையே வரலையாம்" என்றார்.

அந்த வாரம் முழுக்க அந்த ஊரில் கரண்ட் சரியாகத்தான் வந்திருக்கிறது.